அம்மா இரண்டு ஊர் பார்த்த கோடை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. சர்க்கரை, முழங்கால் வலி எல்லாம் பேசி முடித்ததும் அடுத்தது அதுதான். மகன் ஒரு ஊரில், மகள் ஒரு ஊரில்; இனிமேல் எங்கே போய் இருப்பது? ஒருவர் பெங்களூர்க் குளிர் ஆகாது என்கிறார். இன்னொருவர் கோயம்புத்தூர்த் தண்ணீருக்கு ஈடே இல்லை என்கிறார். போன வாரம் காலை நடை முடிந்து டீக்கடையில் நின்றபோது என்னையும் கேட்டீர்கள். "ரெண்டு ஊரையும் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். "நீங்க பார்க்காத ஊரா?" என்று சிரித்தீர்கள்.

வெயில் ஏறிவிட்டதால் அன்று பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். விருந்துக்குப் போய்ப் பார்த்த ஊரும், குடியிருக்கப் போகிறோம் என்று நினைத்துப் பார்த்த ஊரும் ஒன்றாக இருப்பதில்லை. இது எனக்குத் தெரிந்தது நான் நாலாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில். அந்தக் கோடையில் என் அம்மா இரண்டு ஊர்களைப் பார்த்தாள். நானும் அண்ணனும் கூடவே போனோம்.

எங்கள் கிராமம் கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்கிற தூரத்தில் இருந்தது. நெடுஞ்சாலையின் இந்தப் பக்கம் நின்று கை காட்டினால் திண்டிவனம் போகிற பஸ் நிற்கும். அந்தப் பக்கம் நின்றால் விழுப்புரம் பஸ். திண்டிவனம் கிட்டே, விழுப்புரம் அதைப்போல இரண்டு பங்கு தூரம். அப்பாவுக்குச் சொந்த நிலம். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலை, கொஞ்சம் கேப்பை, கிணற்றில் தண்ணீர் இருக்கிற வருஷத்தில் நெல். அம்மா எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு அந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். ரேடியோவில் இங்கிலீஷ் செய்தி வந்தால் அணைக்காமல் கேட்கிற வீடு எங்கள் தெருவில் எங்களுடையது ஒன்றுதான்.

அந்த அம்மாவுக்கு டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. பயிற்சிக்காகச் சில மாதங்கள் சென்னையில் விடுதியில் தங்கினாள். அந்த மாதங்களில் அப்பாதான் எனக்குத் தலை பின்னிவிட்டார். மாட்டுக் கயிறு முறுக்கிப் பழகிய கை. ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் இன்னொன்று கழுத்துக்குக் கீழேயும் நிற்கும். "பொண்டாட்டிய மெட்ராசுக்கு அனுப்பிட்டு இவன் தல பின்னிக்கினு கீறான்" என்று தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே ரிப்பனை இறுக்குவார்.

பயிற்சி முடிந்ததும் ஒரு நல்ல சிக்கல் வந்தது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இடம் காலியாக இருக்கிறது, எது வேண்டும் என்று நீங்களே சொல்லலாம், ஆனால் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வேலை பகல் வேலை மட்டும் இல்லை. ஒரு வாரம் விடிவதற்கு முன்னால் போக வேண்டும், ஒரு வாரம் இரவு சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் வீடு திரும்ப முடியும்.

ஊரே கூடி ஒரே தீர்ப்பாகச் சொன்னது: திண்டிவனம். யோசிக்க அதில் ஒன்றுமே இல்லை. கிட்டே இருக்கிறது. அப்பா சைக்கிளிலேயே நிலத்துக்கு வந்துபோகலாம். எல்லாவற்றுக்கும் மேலே, அம்மாவின் அண்ணன் அங்கே மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார். மண்டிக்குப் பின்னால் பெரிய வீடு. நாங்கள் அவரை மண்டி மாமா என்போம். விழுப்புரத்தில் இருந்தது அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை. அத்தையின் வீட்டுக்காரர் ரயில் எஞ்சின் ஓட்டுகிறவர், அதனால் அவர் டிரைவர் மாமா. அவர்களுக்கு ரயில்வே குவார்ட்டர்சில் ஒரு அறையும் சமையல்கட்டும்தான்.

அப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெண்டாட்டி வேலைக்குப் போவதில் அவருக்கு இஷ்டமில்லை என்று எல்லாரும் முடிவு செய்துகொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒருநாள் சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"ரெண்டு ஊரையும் போய்ப் பாத்துட்டு வா. பொண்ணு பாக்கவே மூணு தடவ போறாங்க. குடியிருக்க ஊரு பாக்க ஒரு தடவ போவக் கூடாதா?"

"நீங்க வரலயா?"

"மல்லாட்டை புடுங்க ஆள் சொல்லிக்கீறேன். நான் கூட வந்தா எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. நீ போய்ப் பாரு."

முதலில் திண்டிவனம் போனோம்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எனக்கு அந்த ஊரின் மேல் காதல் வந்துவிட்டது. செஞ்சி, மரக்காணம், பாண்டி, வந்தவாசி என்று கண்டக்டர்கள் நாலு பக்கமும் கூவிக்கொண்டிருப்பார்கள். பஸ் நின்றதும் ஜன்னலுக்கு வெள்ளரிப்பிஞ்சும் அவித்த மல்லாட்டையும் ஏறி வரும். மரக்காணம் பஸ் வந்தால் தனியாகத் தெரிந்துவிடும். கூரையிலிருந்து மீன் கூடைத் தண்ணீர் சொட்டும், அதன் பின்னாலேயே கூடைக்காரப் பெண்கள் கண்டக்டரோடு சண்டை போட்டபடி இறங்குவார்கள். சண்டை முடிந்ததும் அந்தக் கண்டக்டரே கூடையைத் தூக்கித் தலையில் வைத்துவிடுவார்.

மண்டி மாமாவின் வீட்டில் எங்களுக்கு ராஜ மரியாதை. காலையில் இட்லி, பத்து மணிக்குப் பன்னீர் சோடா, மத்தியானம் நெத்திலிக் குழம்பு. மண்டியில் மல்லாட்டை மலையாகக் குவித்திருந்தது. அண்ணனும் நானும் உச்சிவரை ஏறிச் சறுக்கினோம். ஏறினால் கால் புதையும், சறுக்கினால் சட்டைக்குள் மண் புகும். மூக்கெல்லாம் புழுதி. வீட்டில் தலையணை வரைக்கும் பச்சை மல்லாட்டை வாசனை. அந்த வாசனை இன்றைக்கு எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. மாமா எங்களைத் திட்டவே இல்லை. "எறங்குங்கடா, ஓடு ஒடஞ்சிடப் போவுது" என்று ஒரு பேச்சுக்குச் சொல்வார். அடுத்த நிமிஷமே சோடாவுக்கு ஆள் அனுப்புவார்.

அம்மா இரண்டாம் நாள் எங்களை அழைத்துக்கொண்டு டெலிபோன் ஆபீஸ் வரை நடந்து பார்க்கக் கிளம்பினாள். துணிக்கடை வாசலில் ஒருவர் எழுந்து நின்றார்.

"மண்டிக்காரர் தங்கச்சிதான? வெயில்ல நடந்து போறீங்களே, வண்டி கட்டச் சொல்லட்டுங்களா?"

"வேணாங்க, சும்மா இங்கதான்."

பாத்திரக்கடையில் இன்னொருவர், "எங்க தூரமா?" என்றார். பூக்காரம்மா அம்மாவை நிறுத்தித் தலையில் ஒரு முழம் வைத்துவிட்டு, "அண்ணன் வீட்ல ஒரு மாசம் இருப்பியா?" என்று விசாரித்தாள். டெலிபோன் ஆபீஸ் வாசலில் அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போதே மாமா, "டெலிபோன் ஆபீசாண்ட நின்னுக்கினு இருந்தியாமே?" என்றார். எங்களுக்கு முன்னால் செய்தி வந்து சேர்ந்திருந்தது. எனக்கு அது பெருமையாக இருந்தது. ஒரு ஊரே நம்மைத் தெரிந்து வைத்திருக்கிறதே என்று நினைத்தேன்.

மண்டிக்கு வந்த வியாபாரிகள் அம்மாவைப் பார்த்துவிட்டு யார் என்று கேட்டால், மாமா "தங்கச்சி, லீவுக்கு வந்துகீறா" என்று சொல்வார். வேலை கிடைத்த விஷயத்தைச் சொல்ல மாட்டார். நான் ஒருதரம் நடுவே புகுந்து, "எங்கம்மா டெலிபோன் ஆபரேட்டரு" என்றேன். மாமா என் வாயில் ஒரு வெல்லக் கட்டியைப் போட்டார்.

ஒருநாள் வாடகைக் காரில் எல்லாரையும் பெருமுக்கல்லுக்கு அழைத்துப் போனார். மலைமேல் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பாறையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். காற்று இலையைத் தூக்கியது. கிழக்கே நீலமாக ஒரு கோடு தெரிய, கடல்தான் அது என்று அண்ணன் சத்தியம் செய்தான். வெறும் வெயில் அலை என்று நான் சொன்னேன். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களோடு பாறைக்குப் பாறை தாவினாள். அவ்வளவு சிரிப்பாக அவளை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

இறங்கி வரும்போது மாமா பேச்சை எடுத்தார்.

"மாடி ரூம சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிட்டேன். புள்ளைங்கள இங்கயே ஸ்கூல்ல போட்டுடலாம். உனக்கு டூட்டி மட்டும் பகல்லயே இருக்கற மாதிரி நான் பேசி வெக்கறேன்."

"எல்லாருக்கும் மாத்தி மாத்தித்தான் வரும்ணா. எனக்கு மட்டும் எப்பிடி?"

"அதெல்லாம் பேசினா ஆவும். விடிகாலைலயும் ராத்திரிலயும் நீ தனியா போய் வந்துக்கினு இருந்தா, மண்டியில நாலு பேரு என்னக் கேப்பான்."

"இன்னான்னு கேப்பாங்க?"

"கேப்பான். அவ்ளோதான்."

அம்மா இரண்டு படி இறங்கிவிட்டு மறுபடி கேட்டாள். "விடிகாலை டூட்டி பாத்துட்டு வந்தா மத்தியானம் கொஞ்சம் தூங்கணுமே. மண்டி சத்தத்துல எங்கண்ணா தூங்கறது?"

மாமா சிரித்துவிட்டார். "பட்டப் பகல்ல பொம்பள தூங்கினா, ஒடம்புக்கு இன்னான்னு ஊரே வந்து பாக்கும்மா."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் எங்களுக்கு முன்னால் தனியாக அடிவாரம் வரை இறங்கினாள்.

விழுப்புரத்துக்குப் போனபோது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். அங்கே மல்லாட்டை மலை கிடையாது, சோடா கிடையாது. குவார்ட்டர்சுக்குப் பின்னாலேயே லோகோ ஷெட். எஞ்சின்கள் அங்கே நின்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அத்தை துணி உலர்த்துவதற்கு முன்னால் விரலை நனைத்துக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பாள். ஷெட் பக்கமிருந்து அடித்தால் அன்றைக்குத் துணி வீட்டுக்குள்ளே. எனக்கு அது தெரியாமல் மாமா திண்டிவனத்தில் எடுத்துத் தந்த வெள்ளைக் கவுனை வேலியில் போட்டேன். மாலையில் எடுத்தபோது அது முழுக்கக் கரும்புள்ளி. நான் அழுததைப் பார்த்து அத்தை, "நல்லா இருக்குடி, புள்ளி போட்ட கவுனு" என்றாள். அந்தக் கவுன் எங்கே போனது என்று தெரியவில்லை. இன்று இருந்தால் அதைத் துவைக்காமல் வைத்திருப்பேன்.

ரயில் போனால் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அத்தைக்கு அது காதிலேயே விழாது. ரயில் வராவிட்டால்தான் விழும். "பாண்டி வண்டிய இன்னும் காணோமே" என்று சமைத்துக்கொண்டே தலையைத் தூக்குவாள். அண்ணனுக்கு இந்த ஊர்தான் சொர்க்கம். நாளெல்லாம் மேம்பாலத்தில் நின்று கீழே போகிற எஞ்சின் புகையை முகத்தில் வாங்கிக்கொண்டு, கறுத்த மூக்கோடு வருவான்.

டிரைவர் மாமா நாங்கள் போன மறுநாள் காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தார். கண் இரண்டும் சிவப்பு. நீலச் சட்டையில் நிலக்கரியும் எண்ணெயும் கலந்த வாசனை. எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு நேரே பின்பக்கம் போனார். அங்கே வெந்நீர் தயாராக இருந்தது. குளித்து வந்ததும் சோறு தயாராக இருந்தது. சாப்பிட்டதும் அத்தை ஜன்னலில் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டாள். அவ்வளவுதான், அந்த வரிசையே அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா உரலைச் சமையல்கட்டுக்குள் உருட்டிக்கொண்டு போனாள். பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் விளையாடப் போனார்கள். சேவலைக் கூடைபோட்டு மூடினார்கள். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அத்தை என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"மாமா தூங்குது. ராவெல்லாம் வண்டி ஓட்டிட்டு வந்துகீது இல்ல?"

எனக்குப் பேஜாராக இருந்தது. பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருப்பது ஒரு ஊரா? ஆனால் அம்மா அந்தக் கறுப்புப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மாமா எழுந்து டீ குடிக்கும்போது அம்மாவின் வேலை பற்றிக் கேட்டார். தன்னோடு வேலை பார்க்கிற ஆளிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"காலை டூட்டின்னா எத்தினி மணிக்கி உள்ள இருக்கணும் தங்கச்சி?"

அம்மா சொன்னாள்.

"அப்ப முந்தின நாளு ராத்திரி ஜல்தியா சாப்ட்டு படுத்துடணும். முழு வயிறா சாப்டாத. டூட்டி எப்பன்னு நீ சொல்லிட்டா போதும், சோறு எப்ப, தூக்கம் எப்பன்றத வீடு பாத்துக்கும்."

"வீடு பாத்துக்குமாண்ணா?" என்று அம்மா கேட்டாள்.

"பாத்துக்காம? உங்க அண்ணி இத்தினி வருஷமா பாத்துக்கலயா?"

அத்தை, "ஆமா, சேவலுக்குக் கூட நான்தான் சொல்லிக் குடுக்கணும்" என்றாள்.

ஒருநாள் விடிவதற்கு முன்னால் அம்மா என்னை எழுப்பினாள். இருவரும் டெலிபோன் ஆபீஸ் வரை நடந்தோம். கிழக்கே இன்னும் வெளுக்கவில்லை. ஆனால் தெருவில் ஆட்கள் இருந்தார்கள். ஷெட்டுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு எதிரே வந்தார்கள். பால் கேன் கட்டிய சைக்கிள்கள் மணி அடித்துப் போயின. ஏதோ ஒரு வண்டியில் வந்து இறங்கிய குடும்பம் பெட்டி படுக்கையோடு நடந்துகொண்டிருந்தது. நாங்கள் ஒரு தெரு முழுக்க நடந்தோம். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும் எங்களை நிறுத்தினார்.

"காட்பாடி வண்டி போயிடுச்சாம்மா?"

"தெரியலிங்களே."

"சரி சரி" என்று வேகமாக நடந்துவிட்டார். எங்களையும் ரயிலுக்கு வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டார் போலும். அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவள் நடையே மாறிவிட்டது. கையை வீசி நடந்தாள்.

டெலிபோன் ஆபீஸ் வாசலில் இரண்டு பெண்கள் டூட்டிக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா தன்னைப் பற்றிச் சொன்னதும் ஒருத்தி, "வாங்க வாங்க, ஆள் இல்லாம நாங்கதான் கஷ்டப்பட்டுக்கினு கீறோம்" என்றாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க என்னைத் தூக்கிக் காட்டினார்கள். வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், சிவப்பு நூல் சுற்றிய கயிறுகள், மினுக் மினுக்கென்று விளக்குகள். தலையில் கருவி மாட்டிய ஒரு பெண் கயிறுகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் அம்மா நின்றாள். எனக்குப் பால், அவளுக்கு டீ. தெருவில் நின்றபடி அம்மா டீ குடிப்பதை வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்தேன். கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஸ்டேஷன் விளக்குகளைப் பார்த்தபடி குடித்தாள். கடைக்காரர் காசை வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

நாங்கள் கிராமத்துக்குத் திரும்பியபோது மல்லாட்டை பிடுங்கிக் களத்தில் கிடந்தது. அப்பா எங்கள் மூவரையும் உட்காரவைத்து ஒவ்வொருவராகக் கேட்டார். அண்ணன் விழுப்புரம் என்றான். நான் திண்டிவனம் என்றேன். சறுக்குமலை, சோடா, பெருமுக்கல், மாடி ரூம் என்று காரணங்களை அடுக்கினேன். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"விழுப்புரம்" என்றாள் அம்மா. "உங்களுக்குத்தான் தூரம். நெலத்துக்கு நெதமும் வந்துபோறது கஷ்டமாயிடும்."

"நான் பஸ்சுல தூங்கிக்கினு போவேன். நீ முடிவு பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு மல்லாட்டையைக் கிளறிவிட எழுந்துபோனார்.

அம்மாவுக்கு அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. பெற்றவர்கள் போன பிறகு அவளைக் கட்டிக்கொடுத்தது அந்த அண்ணன்தான். சொல்வதற்குள் செய்தி அவருக்குப் போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே மண்டி மாமா வந்து இறங்கினார். கொடுத்த மோரைத் தொடவில்லை.

"மாடி ரூம் சுண்ணாம்பு இன்னும் காயல. அதுக்குள்ள விழுப்புரமாம். நான் இன்னா கொற வெச்சேன்? அவளக் கூப்பிடு, அவ வாயால சொல்லட்டும்."

அம்மா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். வாய் திறக்கப் போனாள். அதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"அவள இன்னாத்துக்கு கேக்கறீங்க மச்சான்? நான்தான் சொன்னேன். எனக்கு எங்க அக்கா பக்கத்துல இருக்கணும். விழுப்புரம்தான்னு நான்தான் புடிவாதமா சொல்லிட்டேன்."

மாமா அவரையே பார்த்தார். "அப்ப என் தங்கச்சிக்கி இஷ்டமில்லாமதான் இழுத்துக்கினு போறீங்க."

"அப்பிடித்தான் வெச்சிக்கோங்களேன்."

"அக்கா முந்தானைய இன்னும் வுடல நீங்க" என்று சொல்லிவிட்டு மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். போகிறபோது அம்மாவின் தலையில் கைவைத்து, "இந்த மனுசன்கிட்ட நீ இன்னா பண்ணுவ, பாவம்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

நானும் அப்பாவைத்தான் குற்றவாளி என்று நம்பினேன். களத்தில் 'விழுப்புரம்' என்று அம்மா சொன்னதைக் காதால் கேட்டிருந்தும், அப்பா ஏற்கெனவே அவளை மிரட்டி வைத்திருப்பார் என்று நானே கதை கட்டிக்கொண்டேன். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அப்பா அன்றிலிருந்து அக்காவுக்குப் பயந்தவர் ஆனார். கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். அப்பா மறுத்ததே இல்லை.

என் கல்யாணத்துக்கு முந்தின வாரம், பந்தல் கால் நடுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தபோது அவரைக் கேட்டேன். "ஏம்பா, விழுப்புரம் போவணும்னு அம்மாதான சொன்னாங்க? மாமாகிட்ட ஏன் நீ சொன்னதாச் சொன்ன?"

அப்பா பந்தல்காரருக்கு ஏதோ கையைக் காட்டிவிட்டுச் சொன்னார். "அவன் கூடப் பொறந்த தங்கச்சி வேணாம்னு சொல்லிட்டான்னா அவன் மனசு வுட்டுடும். மாப்ள வேணாம்னு சொன்னா கோவம்தான் வரும். கோவம் பொங்கலுக்குள்ள போயிடும்." அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மாப்ளன்னு ஒருத்தன் எதுக்குக் கீறான்? கோச்சிக்கறதுக்குத்தான்."

அவர் கணக்கு தப்பவில்லை. நாங்கள் விழுப்புரத்தில் குவார்ட்டர்சுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டில் குடியேறினோம். அம்மாவுக்கு விடிகாலை டூட்டி வந்த முதல் வாரம் அப்பா நிலத்துக்குப் போகாமல் இருந்து தானே அடுப்பு மூட்டினார். கேப்பைக் களி கட்டி கட்டியாக வந்தது. மத்தியானம் அம்மா படுத்திருக்கும்போது தயிர்க்காரியிடம் போய், "கூவாதம்மா, வேணும்ன்றத நானே எழுந்து வந்து வாங்கிக்கறேன்" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். விதைப்பு நாட்களில் கிராமத்திலேயே தங்கிவிடுவார்; மற்ற நாட்களில் முதல் பஸ்ஸில் போய் இருட்டுகிறபோது வருவார். சொன்னபடி பஸ்ஸில் தூங்கினார். இரண்டு மூன்று தடவை திண்டிவனம் வரை தூங்கிக்கொண்டே போயிருக்கிறார்.

தீபாவளிக்கு மண்டி மாமா வரவில்லை. பொங்கலுக்கு வந்தார். கரும்பு, மஞ்சள் கொத்து, பானை என்று வண்டி நிறையச் சீர் கொண்டுவந்து இறக்கினார். அம்மாவிடம் அரை நாள் பேசினார். அப்பாவிடம் "இன்னா, நல்லா கீறீங்களா" என்று ஒரு வார்த்தை. கிளம்பும்போது தயங்கி நின்று, "மண்டிக்கி டெலிபோன் வருது" என்றார். அப்புறம் அப்பாவிடம் தணிந்த குரலில் கேட்டார். "அவளுக்கு அடுத்த வாரம் எந்த டூட்டி மாப்ள?"

அப்பா சொன்னார்.

அடுத்த வாரம் அப்பா மல்லாட்டை மூட்டைகளோடு திண்டிவனம் மண்டிக்குப் போனார். நானும் போனேன். மாமாவின் மேசையில் கறுப்பாக, பளபளவென்று டெலிபோன் உட்கார்ந்திருந்தது. அதன்மேல் ஒரு பூத்துணி. சுற்றிலும் வியாபாரிகள், மூட்டை தூக்குகிறவர்கள். மாமா துணியை எடுத்து மடித்துவைத்தார். ரிசீவரைத் தூக்கி, விழுப்புரத்தில் ஒரு எண்ணெய் மில்லோடு பேச வேண்டும் என்று திண்டிவனம் ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். என்னைப் பக்கத்தில் இழுத்து ரிசீவரை என் காதுக்கும் அவர் காதுக்கும் நடுவே பிடித்தார். கரகரவென்று சத்தம். அதற்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"விழுப்புரம்."

வீட்டில் நாங்கள் கேட்கிற குரல் இல்லை அது. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற குரல். மாமாவுக்குக் கேட்க வேண்டிய மில் நம்பர் மறந்துபோனது.

"யம்மா... நான்தாம்மா. மண்டிலேந்து."

"சொல்லுங்க சார், எந்த நம்பர் வேணும்?"

"நம்பர் கெடக்குது. சாப்ட்டியா?"

"டூட்டில இருக்கேன்ணா" என்று அம்மா கிசுகிசுத்தாள். மாமா மேசையில் இருந்த சீட்டைப் பார்த்து மில் நம்பரைப் படித்தார். உடனே அவள் சத்தமாக, "லைன் குடுக்கறேன் சார், பேசுங்க" என்றாள்.

மாமா ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "என் தங்கச்சி. விழுப்புரத்துல அவ லைனு குடுத்தாத்தான் எவனும் பேச முடியும்." மண்டியில் எல்லாரும் தலையாட்டினார்கள். அப்பா ஒரு மூட்டைமேல் சாய்ந்து மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். தலையை அவரும் ஆட்டினார்.

மில்காரரோடு மாமா என்ன பேசினார் என்று எனக்கு ஞாபகமில்லை. அவருக்கே ஞாபகம் இருந்திருக்காது. கொஞ்ச நேரத்தில் நடுவே அம்மாவின் குரல் மறுபடி வந்தது.

"டைம் ஆயிடுச்சி சார்."

"இரும்மா, இன்னும் ஒரே ஒரு..."

"லைன கட் பண்றேன் சார்."

டக்கென்றது. மாமா ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தார். பிறகு முகம் முழுக்கச் சிரிப்போடு நிமிர்ந்தார்.

"பாத்தீங்களாய்யா? கூடப் பொறந்த அண்ணன்னு கூடப் பாக்கல. கட் பண்ணிட்டா."

மண்டி முழுவதற்கும் டீ சொல்லி அனுப்பினார். டீ வருவதற்குள், யாரும் கேட்காமலே, மறுபடி ரிசீவரை எடுத்தார்.